முதல் கால் மணி

பாடம் முடிகிற நேரத்தில்தான் அவள் உள்ளே வருவாள். ஆறு கடலில் கலந்துகொண்டிருக்கும். அரசன் ஏற்கெனவே போர்க்களத்தில் விழுந்திருப்பான். வகுத்தல் கணக்கில் மீதி மட்டும் தனியாக நிற்கும். திரை முழுக்கப் புத்தகப் பக்கம், எங்கிருந்தோ டீச்சரின் குரல்.

பள்ளிகள் மூடி ஏழு மாதம். பெற்றோர் இல்லாத பெண்களுக்கான அந்த இல்லத்தில் ஆன்லைன் வகுப்புக்கு வார்டனின் கைபேசி ஒன்றுதான். தொற்று பயத்தில், அது இருக்கும் அலுவலறைக்குள் ஒரு நேரத்தில் ஒருத்திக்குத்தான் அனுமதி. ஏழாம் வகுப்பில் மூன்று பேர். முக்கால் மணி வகுப்பை ஆளுக்குக் கால் மணியாகப் பிரித்துச் சுவரில் ஒட்டியிருந்தார் வார்டன். சமையல்கார அக்கா அவர்களை முதலு, நடு, கடைசி என்றே கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

மாலையில் மொட்டைமாடியில் ஈரப் போர்வைகளுக்கு நடுவே மூவரும் பாடத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். முதலு பேச ஆரம்பித்தால் போர்வைகளுக்குப் பின்னால் மலை எழும். நடு அதில் ஆற்றை ஓடவிடுவாள். கடைசி அதைக் கடலில் கொண்டுபோய் விடுவாள்.

போன மாதம் முதலுவின் சித்தப்பா வந்து அவளை அழைத்துப் போனார்.

"என் நேரத்தை யாருக்கும் குடுத்துடாதீங்கடி. வந்துருவேன்."

அன்று முதல் அந்தக் கால் மணி காலியாகவே ஓடியது. மேசையில் மல்லாந்து கிடந்த கைபேசியிலிருந்து டீச்சர் மின்விசிறிக்குப் பாடம் நடத்தினார். கடைசி வாசலில் காவல் இருந்தாள்.

"அது அவ நேரம்."

"அவ அங்க யாரு பாப்பாவுக்கோ தொட்டில் ஆட்டிட்டிருப்பா," என்றாள் நடு. "நாம இங்க மலையே இல்லாம ஆத்தைப் படிக்கிறோம்."

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. வார்டன் இருவரையும் நிற்க வைத்தார்.

"மூணு வாரமா ரெண்டு பேரும் கிளாஸுக்கே வரலையாமே? திங்கக்கிழமையும் இல்லைன்னா அடுத்த வருஷமும் ஏழாவதுதானாம்."

"தினமும் வர்றோமேம்மா!"

வருகைப் பதிவு முதல் ஐந்து நிமிடத்தில் நடக்கும் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இத்தனை மாதமும் முதலுதான் குரலை மாற்றி மாற்றி மூவருக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். அவர்களிடம் சொல்லவே இல்லை.

"அடிப்பாவிகளா, வருஷம் பூரா அவ வாயிலதான் படிச்சீங்களா?" என்றாள் சமையல்கார அக்கா.

கடைசி சிரிக்கவில்லை. "அவ எப்பம்மா வருவா?"

வார்டன் கையிலிருந்த போர்வையை மடித்தார். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தார். "பெட்டியையும்தானே எடுத்துட்டுப் போனா."

திங்கட்கிழமை கடைசி முதல் கால் மணியில் போய் உட்கார்ந்தாள். நடு கதவருகே நின்றாள். பாடம் இப்படித்தான் தொடங்குமா? டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. இருட்டில் ஒவ்வொரு ஜன்னலாக வெளிச்சம் வருவதுபோல் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் தோன்றின.

"பதிமூணு?"

முதலுவின் எண். டீச்சர் பேனாவை எடுத்தார்.

"உள்ளேன் டீச்சர்." கடைசியின் வாயிலிருந்து முதலுவின் குரல்தான் வந்தது, அச்சு அசலாக.

"பதினாலு?"

அது அவளுடையது. தன் குரல் எப்படியிருக்கும் என்று யோசித்தபடியே கையைத் தூக்கினாள். திரையின் கீழ் மூலையில், சுழலும் மின்விசிறிக்கு அடியில், ஒரு பெண் மெல்லக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அது யாரென்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.