நாற்பதாம் நாளுக்கு ஒயின்

நாற்பதாம் நாள் விருந்துக்கு ஒயின் வாங்க பரஸ்கீவாதான் போகவேண்டியிருந்தது. பதினோரு வருஷமாக அவள் வீட்டில் ஒரு சொட்டு ஒயின் வைத்ததில்லை. புருஷன் அனாடோல் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தவன். ஆனால் இறந்தவன் பெயரில் சாப்பிட வருகிறவர்களுக்கு ஒயின் ஊற்றாமல் அனுப்பினால் ஊரும் ஒப்பாது, பாதிரியாரும் ஒப்பமாட்டார்.

இத்தாலியிலிருந்து வந்திருந்த மகள் வியோரிகா அடுப்பில் முட்டைக்கோஸ் இலைகளை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளக் கொன்னதையே அந்தாள் பேரச் சொல்லி ஊத்தப் போறியா?"

"ஊர் வழக்கம்டி."

"ஊரா அடி வாங்குச்சு?"

பரஸ்கீவா பையை எடுத்துக்கொண்டு ஒர்ஹே சந்தைக்குப் பஸ் ஏறினாள்.

ஒயின்காரர்கள் சந்தையின் கடைசி வரிசையில், ஆட்டுப்பால் சீஸ் விற்கும் பெண்களை ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். சொந்தத் தோட்டத்து ஒயின், பிளாஸ்டிக் பாட்டிலில், கடை விலையில் பாதிக்கு. ருசி பார்த்துத்தான் யாரும் வாங்குவார்கள். முதல் ஆளிடம் வாங்கிக் குடித்தது சர்க்கரைப் பாகு மாதிரி இருந்தது. பன்றிக்கறியோடு சேர்ந்தால் இரண்டாவது வாயிலேயே திகட்டிவிடும். அடுத்தவனுடையது காடியாகிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக இருந்தவர் ஹரலம்பி என்கிற கிழவர். ஒரு சின்னக் கோப்பையில் சிவப்பு ஒயின் ஊற்றி, கூடவே ஒரு துண்டு சீஸும் நீட்டினார்.

"மொதல்ல வெறுமனே குடிம்மா. அப்புறம் இதக் கடிச்சிட்டுக் குடி."

வெறுமனே குடித்தபோது நாக்கு சுருங்கியது. உப்புச் சீஸுக்குப் பிறகு அந்தத் துவர்ப்பு அடங்கி, செர்ரிப் பழ வாசம் மேலே வந்தது. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"என்ன சமையல்?" என்றார் ஹரலம்பி.

"மொதல்ல கெண்டை மீன். அப்புறம் முட்டைக்கோஸ் எலையில கறியும் அரிசியும் சுருட்டினது."

அவர் சிரித்தார். "இங்க ஒருத்தர் வருவாரு, அச்சு அசலா இதையேதான் சொல்வாரு. மீனுக்கு வெள்ளை ஒயின், கறிக்கு இது. மக கல்யாணமாம், பாத்துப் பாத்து எடுக்கணுமாம். மூணு வருஷமா வாரம் தவறாம ருசி பாத்தாரு. ஒரு பாட்டில் வாங்கினதில்ல."

"யாரு அது?"

"அனாடோல்னு பேரு. எடது கையில ரெண்டு வெரல் இருக்காது."

அந்த இரண்டு விரல்களை மர அறுவை மில்லில் விட்டுவந்த அன்று கட்டுப்போட்டது பரஸ்கீவாதான். கோப்பையைப் பலகைமேல் வைத்தாள்.

"கல்யாணமே இல்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா அண்ணே?"

"மொத மாசம் நம்பினேன். அப்புறம் தெரிஞ்சுபோச்சு. ஆனா மத்தவங்க மாதிரி சும்மா கவுத்துக்க மாட்டாரு. பொண்ணுக்குப் புளிப்பு ஆகாதுன்னு சொல்வாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு எது பிடிக்குமோன்னு கவலப்படுவாரு. கேக்க நல்லா இருக்கும். ஊத்திடுவேன்." கொஞ்சம் யோசித்தார். "இப்பக் கொஞ்ச நாளா காணோம்."

"நான் அவரு சம்சாரம். நாளைக்கு நாப்பதாம் நாளு."

ஹரலம்பி தொப்பியைக் கழற்றினார். "நாந்தானே ஊத்தினேன்" என்றார்.

அவளுக்கு ஆத்திரம் மூண்டது. அந்தப் பலகையையே புரட்டித் தள்ளியிருப்பாள். ஆனால் கிழவர் கழற்றிய தொப்பியை இன்னும் மார்போடு பிடித்திருந்தார்.

"கல்யாணத்துக்குக் கடைசியா எத எடுத்தாரு?"

"இதைத்தாம்மா."

அதையே வாங்கினாள். காசு வேண்டாம் என்றவரிடம் முழு விலையையும் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் வந்தவர்கள் இறந்தவனுக்காகத் தரையில் சில துளி சிந்தி, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிக் குடித்தார்கள். கறிக்குப் பொருத்தமான ஒயின் என்று இரண்டு பேர் மெச்சினார்கள். வியோரிகா பரிமாறினாள், கோப்பையையும் தொடவில்லை, அந்த வார்த்தைகளையும் சொல்லவில்லை.

எல்லோரும் போனபின் பாத்திரம் கழுவும்போது பரஸ்கீவா சந்தையில் கேட்டதைச் சொன்னாள். வியோரிகாவின் கைகள் தண்ணீருக்குள் நின்றுபோயின.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சும்மா. ரெண்டு வருஷம் ஆச்சு. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டோம், அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ வருவ. நீ வந்தா அவரும் வருவாரு. வந்து, குடிச்சிட்டு, அவங்க வீட்டாளுங்க முன்னாடி விழுவாரு."

பரஸ்கீவா முக்காலியில் உட்கார்ந்தாள். கேட்க எத்தனையோ இருந்தது. வாயில் வந்தது வேறு.

"அன்னைக்கு என்ன சாப்ட்டீங்க?"

"பீட்சா."

வியோரிகா அடுத்த தட்டை எடுத்துக் கழுவினாள்.

மூன்றாம் நாள், இத்தாலிக்குத் திரும்பப் பஸ் நிலையத்துக்கு வந்த வியோரிகா தானாகவே போனை எடுத்துக் கல்யாணத்தன்று எடுத்த ஒரு படம் காட்டினாள். ஒரு மேசை, நான்கு பேர். மாப்பிள்ளை மகள் பக்கம் திரும்பியிருந்ததால் முகம் பாதிதான் தெரிந்தது. டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை பரஸ்கீவா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள். பஸ் போனதும் வீட்டுக்கு வந்து, சிவப்புக் கறை படிந்த மேசைவிரிப்புகளை ஊறப்போட்டாள்.