வேறு சித்னிக்

தச்சர் பனாஸ் தூரிகையைக் கறுப்புச் சாயத்தில் தோய்த்து எடுத்துவிட்டார். சவ ஊர்வலத்தின் முன்னால் தூக்கிப் போகும் மரச்சிலுவை முற்றத்தில் இரண்டு முக்காலிகள் மேல் கிடந்தது. அதன் பெயர்ப்பலகையில் யுகிம் சித்னிக் என்று பென்சிலால் முன்பே எழுதி வைத்திருந்தார்.

"யுகிம்னு மட்டும் போடுங்க," என்றாள் ரைசா. "குடும்பப் பேர் வேண்டாம். அப்பா சாகறதுக்கு முன்னாடி கேட்டுக்கிட்டாரு."

தம்பி ஒஸ்தாப் வீட்டுக்குள்ளிருந்து பாய்ந்து வந்தான். "உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? இந்தப் பேருக்கு ஊர்ல மிச்சம் நாம ஒரு வீடுதான். எனக்கும் பிள்ளை இல்ல. சிலுவையிலயாவது இருக்கட்டுமே! அப்பா என்ன திருடனா, பேரை மறைக்க?"

சித்னிக் என்றால் சல்லடை செய்கிறவன். சல்லடைக்கு ஏது மதம்? ஞானஸ்நானம் பெற்றவன் பின்னினாலும் யூதன் பின்னினாலும் ஊர் இந்தப் பெயரைத்தான் ஒட்டியது. போருக்கு முன் ஆலைச் சந்தில் ஒன்பது யூதச் சித்னிக் வீடுகள். அப்பாவின் வீடு மட்டும் தேவாலயத் தெருவில். அந்த ஒன்பது வீட்டாரும் இப்போது, ஜெர்மன்காரர்கள் அவர்களைச் சுட்டுத் தள்ளிய பள்ளத்து ஓரத்து நினைவுக்கல்லில் வெறும் பெயர்கள். கீவ், ஒதெஸா என்று நகரம் நகரமாகத் தொலைபேசிப் புத்தகங்களை வரவழைத்து, சித்னிக்குகளைத் தேடித் தேடி அப்பா கடிதம் எழுதியபோது பிள்ளைகள் இருவரும் கேலி செய்தார்கள். பாவிகள், ஒரு நாளாவது ஏன் என்று கேட்டதில்லை.

ரைசா ஒரு கடிதத்தை நீட்டினாள். நாலு வருடத்துக்கு முன் இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து ஒரு பெண் எழுதியது. 'ஆலைச் சந்திலிருந்து தப்பியது என் அம்மா ஒருத்திதான். நீங்கள் எந்த வீட்டுப் பிள்ளை?'

"இதுக்கு அப்பா பதிலே போடல," என்றாள்.

"இதுல என்ன இருக்கு? நாங்க வேற சித்னிக்னு எழுதிப் போட வேண்டியதுதானே!"

"அதைத்தான்டா அப்பாவோட அம்மா அன்னிக்குச் சொன்னாங்க," என்றாள் ரைசா. "அப்பா கடைசியிலதான் எங்கிட்ட சொன்னாரு. ஜெர்மன்காரனுங்க யூதர் பட்டியலோட வாசல்ல வந்து நின்னானுங்களாம். ஞானஸ்நானச் சீட்டைக் காட்டி, நாங்க வேற சித்னிக்னாங்க. அப்போ மத்தவங்க எங்கேன்னு கேட்டானுங்க. கையை நீட்டி ஆலைச் சந்துப் பக்கம் காட்டிட்டாங்க. அப்பாவுக்கு ஏழு வயசு. அவங்க பாவாடையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னுருக்காரு."

உள்ளே, சாவு வீட்டு வழக்கப்படி துணி போட்டு மூடிய கண்ணாடிக்கு எதிரே அப்பா கிடந்தார். ஒஸ்தாப் கடிதத்தை மறுபடி வாசித்தான்.

"சாயம் காயுதுப்பா," என்றார் பனாஸ். "முடிவா என்னதான் எழுத?"

"யுகிம்," என்றான் ஒஸ்தாப். "அக்கா சொன்னபடியே."

பனாஸ் கிழவர் கட்டைவிரலில் எச்சில் தொட்டு, சித்னிக் என்ற பென்சில் எழுத்தை அழித்தார். அது சரியாக அழியவில்லை.

மதியம் ஒஸ்தாபே சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். நினைவுக்கல் இருந்த வளைவில் அவன் திரும்பியபோது வெயில் பலகைமேல் விழுந்தது. கறுப்பாக யுகிம். பக்கத்தில், பென்சில் கோடுகள்.