பகலில் ஒரு தடவை

ரபேல் இருபத்திரண்டு வருஷம் கோத்தா பாருவிலிருந்து கிள்ளானுக்கு மீன் லோரி ஓட்டியவர். வழியில் கிரிக் மலைக்காடு. அத்தனை வருஷமும் அதை இருட்டில்தான் கடந்தார். விடியுமுன் மீன் பாசாருக்கு வந்தாக வேண்டுமே! பகலில் தூங்கிவிட்டு ராத்திரிதான் திரும்புவார். இப்போது இனிப்புநீர் என்ற சர்க்கரை வியாதி அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. இடது கண் போன வருஷமே போயிற்று. வலதும் அதிக நாள் நிற்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"அந்த மலைய பகல்ல ஒரு தடவ பாத்துடணும், மேரி."

"கண்ணுக்கு லேசர் போடுங்கனு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். அப்பலாம் லோரிதான் பெருசு. இப்ப என்னா, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று வெடித்தாள் அவர் மனைவி சாந்தமேரி. சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. பாழாய்ப்போன வாய்! நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த உறுத்தல் தாங்காமல்தான், கிள்ளானைத் தாண்டிக் கார் ஓட்டியே அறியாதவள் சனிக்கிழமை விடிந்ததும் மைவி காரைக் கிளப்பினாள். "கிளி மாதிரி பச்சை சட்டையா? ஜோர்தான் லா!" என்று அவள் உடுப்பைப் பார்த்து ரபேல் கிண்டலடித்தபடி ஏறினார்.

கிரிக் ஊரைத் தாண்டியதும் சாலை மலையேறியது. வழியெல்லாம் தூங்கி வந்த மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லெப்ட்ல வளையுது, மெதுவா. முன்னால யானை போர்டு. இந்தா, ஏரிப் பாலம் வந்துருச்சு."

ஒன்றுகூடத் தப்பவில்லை. சாந்தமேரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடேயப்பா, போர்டுகூடத் தெரிகிறதே! டாக்டர் கிடக்கிறார், புனித அன்னம்மாள் தாயார் கைவிடவில்லை என்று மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னாள்.

உச்சியில், வண்டிகள் இளைப்பாறும் இடத்தில் காரை நிறுத்தினாள். கூரைக்கடியில் ஒரு பெஞ்சில் அவரை உட்கார வைத்தாள். எதிரே மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை. எல்லாம் பச்சைப் பசேலென்று, ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது.

"எப்படிங்க இருக்கு?"

ரபேல் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "கெட்டிக்காரிடி நீ. இந்தப் பனியில எப்படி ஓட்டின?"

"பனியா?"

"கிரிக்ல எந்திரிச்சதிலேர்ந்து ஒரே வெள்ளையா மூடிக்கிடக்கே. நீ பயந்துடுவியேனுதான் ஞாபகத்துல இருந்தத வச்சு வழி சொல்லிக்கிட்டே வந்தேன்."

சாந்தமேரி கூரைக்கு வெளியே தலையை நீட்டினாள். வானத்தைப் பார்த்தாள். உச்சி வெயில். ஒரு பொட்டு மேகமில்லை. பாவி மனுஷா, இன்னும் ஒரு நாள் தாங்கக் கூடாதா அந்தக் கண்!

"எத்தன நேரமானாலும் பரவால்ல, காத்திருப்போம்," என்றார் ரபேல். "பனி கலஞ்சதும் சொல்லு, மேரி."

"சொல்றேங்க," என்றாள்.

அவர் மலை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார்.