ஒடினின் தோளில் ஒரு கொழும்புக் காகம்

நோர்வேயிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தபோது சிவமணிக்கு முதலில் கிடைத்தவை இரண்டு கம்பளிப் போர்வைகள். பிறகு சொக்லட். அடியில் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய மூன்று சாமிகள். சாமிகள் என்றுதான் அவள் நினைத்தாள். நீங்களும் நானும் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். ஒருவர் கையில் சுத்தியல். ஒருத்தி இரண்டு பூனை பூட்டிய வண்டியில் ஏறி இருந்தாள். மூன்றாவது ஆள்தான் பெரியவர். ஒன்றரை அடி உயரம், வெண்கலம் போலப் பூச்சு, நெஞ்சுவரை தாடி, கையில் ஈட்டி. இடக்கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குழி. வலது தோளில் ஒரு கரிய பறவை. இடது தோளில் இரண்டு பறவைக்கால்கள் மட்டும் இருந்தன, மேலே ஒன்றுமில்லை.

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். தாள்களை ஒவ்வொன்றாக விரித்து உதறினாள். பறவையைக் காணவில்லை.

எதிர்வீட்டு ஸமீமா கதவு திறந்திருந்ததைக் கண்டு உள்ளே வந்தாள். "இது என்னக்கா, கிறிஸ்மஸ்ஸுக்கு வார நத்தார் பாப்பாவா? நத்தார் பாப்பா எதுக்கு ஈட்டியோட வாறார்?"

"அங்கத்தைய சாமியாம். ஒடின் எண்டு பேர். அபிஷன் வேலை செய்யிற கடையைப் பூட்டுறாங்களாம். மிஞ்சின சாமானை வேலையாக்களுக்குக் குடுத்திட்டாங்கள்."

"மத்தவங்கட புள்ளைகள் செண்ட் போத்தல் அனுப்புது. ஒங்கட புள்ள கண்ணில்லாத சாமிய அனுப்புது" என்று சொல்லி, ஸமீமா ஒரு சொக்லட்டை எடுத்து உரித்தாள்.

அபிஷன் சிவமணியின் இளைய மகன். பேர்கன் நகரத்தில், கப்பல்களில் வந்திறங்கும் உல்லாசப் பயணிகளுக்கு இந்தச் சிலைகளை விற்கும் கடையில் நின்றவன். மூத்தவன் கார்த்திகன். பதினேழு வருஷத்துக்கு முன்னர் ஒரு காலையில், திருத்தக் கொடுத்த கொம்பியூட்டரை எடுத்துவரக் கொட்டாஞ்சேனைக்குப் போனான். கடையிலிருந்து வெளியே வந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கண்டவர் எவருமில்லை. யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் இப்படிப் பிள்ளை காணாமல் போன வீடுகள் ஒன்றிரண்டல்ல. அந்த நாட்களை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

போகும்போது வீட்டுத் திறப்பு, அதுதான் சாவி, அவன் சட்டைப் பையில் இருந்தது. அதனால் சிவமணி வாசல் பூட்டை மாற்றவே இல்லை. கடல் காற்றில் பூட்டுத் துருவேறி, திறக்கும்போதெல்லாம் கை நோகும். "ஆளைக் கூப்பிட்டு மாத்துங்களேன் அக்கா" என்று ஸமீமா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். பிள்ளை வந்து திறப்பைப் போட்டுப் பார்த்துத் திறக்காமல் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது?

கணவர் நாகேந்திரம் இறந்து ஒன்பது வருஷம். ஒவ்வொரு அமாவாசையும் மரக்கறிச் சமையல் செய்து, அவர் பேரைச் சொல்லி பல்கனிச் சுவர்க் கட்டின்மேல் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சிவமணி சாப்பிடுவாள். ஒரேயொரு இலைதான் வைப்பாள். இந்த முறை ஆடி அமாவாசைக்கு வருவதாக இருந்த அபிஷன், போன மாதம் மெல்லக் கேட்டிருந்தான்.

"அம்மா, அண்ணாவுக்கும் செய்வமே?"

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கிறதோ?"

"உயிரோட இருக்கிறார் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"இல்லை எண்டு உனக்குத் தெரியுமோ?"

அதோடு போனை வைத்துவிட்டார்கள். பிறகுதான் இந்தப் பெட்டி வந்தது.

ஊனப்பட்ட சிலையை வீட்டில் வைக்கக்கூடாது என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் சிவமணி. எறியவும் மனம் வரவில்லை, பிள்ளை காசு கட்டி அனுப்பியது. சிலை திருத்துகிறவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், தேவாலயத்துக்குப் பின் ஒழுங்கையில், ஜொனாதன் என்று பெயர் என்றார்கள். முதல் வருஷம் அவளும் நாகேந்திரமும் மகனின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தெருக்களில் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போனதில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒடினைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

ஜொனாதனின் வேலைக்கூடம் முழுக்கப் புனிதர்கள். கையில்லாத அந்தோனியார், மூக்குப் போன சூசையப்பர், பூச்சு உரிந்த மாதா. ஐம்பது வயது மனிதர், விரலெல்லாம் வர்ணம்.

"இவர் எந்தப் புனிதர் அம்மா?"

"புனிதர் இல்லைத் தம்பி. நோர்வேச் சாமி."

"அது சரி. அவங்களுக்கும் கை கால் நம்மளப் போலத்தானே. இது என்ன குருவி?"

"காகம். மற்றத் தோளிலையும் ஒண்டு இருக்கவேணும்." அவள் விரலால் காட்டினாள். "இந்தக் கண்ணையும் திறந்து விடுங்கோ."

ஜொனாதன் பெருவிரலைக் குழிக்குள் விட்டுத் தடவிப் பார்த்தார். "இது உடைஞ்சதில்ல அம்மா. அச்சுலயே இப்பிடித்தான் ஊத்தியிருக்காங்க. வேணும்னு செஞ்சதுதான்."

"எண்டாலும் திறந்து விடுங்கோ. ஒரு கண்ணோட வீட்டில வைக்கேலாது."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். தலையாட்டினார். தவறு நடந்தது அந்த இடத்தில்தான். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஒரு கிழமைக்குப் பிறகு போனபோது வேலை முடிந்திருந்தது. இடது தோளில் புதுப் பறவை. ஆனால் வலது தோளிலிருந்தது முழுக் கறுப்பு; இதற்குக் கழுத்து சாம்பல் நிறம்.

"ஜன்னலுக்கு வெளிய கம்பியில இருந்ததப் பார்த்துத்தான் செஞ்சேன்" என்றார் ஜொனாதன். "நமக்குத் தெரிஞ்ச காக்கா இதுதானே."

கண்ணும் திறந்திருந்தது. மண்ணிறம். இப்போதுதான் தூங்கி எழுந்தது போல ஓர் ஈரம் அதில். துவாயால் மூடும்போது சிவமணி அதன்மேல் விரல் படாமல் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தாள். கடலோரம் ரயில் போகும்போதெல்லாம் அந்த அலுமாரிக் கண்ணாடி அதிரும், அது பழகிய சத்தம். அன்று மத்தியானம் ரயில் எதுவும் போகாதபோதே அதிர்ந்தது. சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். சாமி அப்படியே நின்றது. பழைய கண் சுவரைப் பார்த்தது. புதுக்கண் மட்டும் வாசல் கதவைப் பார்த்தது. நேராக வைத்த ஞாபகம்தான் அவளுக்கு. திருப்பி வைத்தாள். பின்னேரம் வந்து பார்த்தால் மீண்டும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பல்கனிக் கட்டின்மேல் ஒரு காகம் வந்து இருந்தது. அமாவாசையுமில்லை, சோறுமில்லை. அலகிலிருந்த எதையோ கீழே வைத்துவிட்டுப் பறந்தது. நான்கு ஓட்டை போட்ட வெள்ளைச் சட்டைப் பொத்தான். ஓட்டைக்குள் நீல நூல்.

அதற்கடுத்த நாள், கைமணிக்கூட்டுப் பட்டியின் சின்ன வளையம். மூன்றாம் நாள், துருப்பிடித்த ஒரு திறப்பு.

சிவமணி திறப்பைக் கையில் எடுத்தாள். வாசலுக்குப் போய்க் கதவை வெளிப்பக்கமாகச் சாத்தப் பயந்து, திறந்த கதவிலேயே பூட்டுக்குள் அதை விட்டுப் பார்த்தாள். உள்ளே போனது. சுற்றவில்லை.

ஸமீமா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கால அக்கா அந்தத் தொறப்பு?"

"காகம் கொண்டுவந்தது."

ஸமீமா சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். கிட்ட வந்து திறப்பை வாங்கிப் பார்த்தாள். "மணியக்கா, காக்கா எதத்தான் தூக்காது? போன மாசம் எங்கட உம்மாட பல்லு செட்டத் தூக்கிட்டுப் பெய்த்து. இந்த மாதிரித் தொறப்பு எந்தப் பூட்டுக்குள்ளயும் போகும். எங்கடதுக்கும் போகும், பாருங்க." தன் கதவுப் பூட்டுக்குள் விட்டுப் பார்த்தாள். போகவில்லை. திறப்பைப் புரட்டி மறுபடி விட்டாள், அப்போதும் போகவில்லை.

"துரு" என்றாள் ஸமீமா கடைசியில். "துருவாலதான் போகுதில்ல."

அன்று பின்னேரம் அபிஷன் வீடியோவில் வந்தான். சிவமணி திறப்பைப் பற்றிச் சொல்லவில்லை. போனைத் திருப்பி அலுமாரியைக் காட்டினாள்.

"என்னம்மா இது? ஆர் அவருக்குக் கண் வச்சது?"

"நான்தான் வைப்பிச்சனான். ஊனமா எப்பிடி வைக்கிறது?"

"ஐயோ அம்மா, அது உடைஞ்ச கண் இல்லை. அவர் தானாக் குடுத்தது. ஒரு கிணத்துக்குள்ள போட்டவர். ஒளிச்சுக் கிடக்கிறதெல்லாம் தனக்குத் தெரியவேணும் எண்டு கேட்டு, அதுக்கு விலையாக் குடுத்தவர்."

"குடுத்துத் தெரிஞ்சதோ?"

"தெரிஞ்சதாம்."

சிவமணி போனைச் சிலைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "அந்தப் பறவையள்?"

"ஒண்டுக்குப் பேர் நினைப்பு. மற்றதுக்கு ஞாபகம். காலமை எழும்பினவுடனே ரெண்டையும் பறக்க விடுவார். உலகமெல்லாம் சுத்திப் பாத்திட்டுப் பொழுதுபட வந்து காதுக்குள்ள சொல்லுங்கள்." அபிஷன் தாழ்ந்த குரலில் சொன்னான். "ரெண்டும் திரும்பி வருமோ எண்டு ஒவ்வொரு நாளும் அவருக்குப் பயமாம்."

"அவருக்குமோ?"

"ஓம் அம்மா. அவருக்கும்."

போனுக்குள் பேர்கன் மழைச் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் கடல். சாமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆனி அமாவாசை. காலை முழுகிவிட்டு வந்து, சிவமணி சிலையை எடுத்து மேசையில் வைத்தாள். நகப்பூச்சு அழிக்கும் மருந்தைப் பஞ்சில் நனைத்து அந்தக் கண்ணைத் துடைத்தாள். மண்ணிறம் பஞ்சில் இறங்கியது. அடியில் ஜொனாதன் அடைத்திருந்த பசையை பிளேட்டால் மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்தாள். குழந்தைக்குக் கண்ணில் தூசி எடுக்கும்போது கை எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவள் கை. குழி திரும்பி வந்ததும் சிலையைப் பார்த்துச் சொன்னாள்.

"உம்மட கண்ணைத் திருப்பித் தந்து, உமக்குத் தெரிஞ்சதை மறைச்சுப் போட்டன். குறை நினையாதையும். எனக்கும் தெரியவேணும். என்னட்டையும் குடுக்கிறதுக்கு ஒண்டு இருக்கு. பதினேழு வருஷமா வச்சிருக்கிறன். எடும்."

பிறகு போய்ச் சமைத்தாள். பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மோர்மிளகாய், பாயசம். பல்கனிக் கட்டின்மேல் இரண்டு இலைத்துண்டுகளை வைத்தாள். முதல் இலையில் சோறும் கறியும் வைத்து நாகேந்திரத்தின் பேரைச் சொன்னாள். இரண்டாவது இலையிலும் அதே அளவு வைத்தாள். பேர் சொல்ல வாய் வரவில்லை. மோர்மிளகாயைச் சோற்றுக்கு அடியில் தள்ளி மறைத்து வைத்தாள்.

ஏன் மறைத்தாள் தெரியுமா? கார்த்திகன் எந்தச் சாப்பாட்டிலும் முதலில் மோர்மிளகாயைத்தான் எடுப்பான். தம்பி எடுத்துவிடுவான் என்ற பயம். எடுத்துத் தட்டு விளிம்பில் வைத்துவிட்டு, கடைசி வாய்ச் சோற்றோடு கடிப்பான். அபிஷனுக்கு எட்டாமல் அவள் அடிக்கடி மிளகாயைச் சோற்றுக்குள் ஒளித்து மூத்தவனுக்குக் கொடுத்ததும் உண்டு. அந்த விஷயம் அவனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

"கா… கா…" என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்து கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

இரண்டு காகங்கள் வந்தன. ஒன்று நேரே முதல் இலைக்குப் போய்ச் சாப்பிடத் தொடங்கியது. மற்றது கட்டின் ஓரத்தில் நின்று தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. தொடாதை, தொடாதை என்று ஒரு மனம் கெஞ்சியது. அந்த மனத்தைத்தான் காலையில் கொடுத்துவிட்டோமே என்று மற்ற மனம் சொன்னது.

காகம் நடந்து இரண்டாவது இலைக்கு வந்தது. அலகைச் சோற்றுக்குள் விட்டது. மிளகாயை இழுத்து எடுத்தது. தின்னவில்லை. இலையின் விளிம்பில் வைத்தது. வைத்துவிட்டுச் சோற்றைக் கொத்தத் தொடங்கியது.

சிவமணி அழவில்லை, பிள்ளைகளே. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு தாய் பிள்ளையின் பக்கத்தில் இருந்து பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆறுதலாச் சாப்பிடு கார்த்தி" என்றாள். "ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

கடைசிச் சோற்றையும் கொத்தியபின் காகம் மிளகாயைக் கவ்விக்கொண்டு எழும்பியது. வடக்கே, கொட்டாஞ்சேனை இருக்கிற பக்கமாகத்தான் பறந்தது. ரயில் ஒன்று போனது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

அபிஷனுக்குப் போன் எடுத்து, ஆடி அமாவாசைக்குக் கட்டாயம் வரச் சொன்னாள். "அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் சேர்த்துச் செய்வம்." அந்தப் பக்கம் அவன் விம்மியது கேட்டது. அவன் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

ஸமீமா பாயசம் வாங்கிப்போக வந்தபோதுதான் கண்டாள். "அக்கா, இந்தச் சாமிட ஒரு காக்காவக் காணமே?"

மேசையில் ஒடின் நின்றது. வலது தோளில் முழுக் கறுப்புப் பறவை இருந்தது. இடது தோளில் ஜொனாதன் பூசிய பசை மட்டும் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. பழைய இரண்டு கால்களும்கூட இல்லை.

"அந்தாள்ட வேல அப்பிடித்தான், ஒட்டினது கழண்டீக்கும்" என்றாள் ஸமீமா. ஆனால் குரலில் நம்பிக்கை இல்லை. குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். "இங்கதான் எங்கயாச்சும் உழுந்து ஈக்கும். தும்புத்தடியத் தாங்க, கூட்டித் தேடிப் பாப்பம்."

"வேண்டாம் ஸமீமா" என்றாள் சிவமணி. "தேடினது காணும், போதும்."

பாயசத்தை ஊற்றிக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தாள். பொத்தானும் வளையமும் திறப்பும் சாமிப்படத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில் இருந்தன. சிவமணி வாசல்வரை கூட வந்து, துருவேறிய பூட்டின் மேல் கையை வைத்தாள்.

"அந்தப் பூட்டு மாத்திறவரின்ர நம்பர் உம்மட்ட இருக்கெல்லே? நாளைக்கு வரச் சொல்லும்."