காலியாக இருப்பதே அதன் வேலை

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தேர்வின் நடுவில் செத்துப்போனது. அதற்குக் காரணமான ஆளைத் திட்டித் தீர்க்க எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

அந்தப் பிற்பகலில் அவள் திரையின் முன் அமர்ந்தபோது, உலகமே அவளுடைய

அவளுடைய என்ன என்று இப்போது எனக்கே தெரியாது. அங்கேயே மெஷின் மறுபடியும் உறைந்துவிட்டது. திரும்ப எழுந்தபோது கோப்பில் இவ்வளவுதான் மிச்சம். அப்படியே விட்டிருக்கிறேன். நின்றதும் நல்லதுதான், மட்டமான வாக்கியம்.

2.

'அவள்' என்று ஒளிந்துகொள்ளப் போவதில்லை. நான்தான். இந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அந்தக் குற்றத்துக்காக, எது பழுதானாலும் "படிச்சவதானே, பாரு" என்று கூப்பிடப்படுபவள்.

அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் துப்புரவு வேலை. கம்ப்யூட்டர் அங்கே கழித்துப் போட்டது. அம்மா கேட்டு வாங்கி, பழைய துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். நான் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு எழுப்பினேன்.

மூன்றாவது ஆள் அக்கா வீட்டுக்காரர். பார்சல் வண்டி ஓட்டுகிறார். மின்விசிறியைக் கழற்றி மாட்டத் தெரியும் என்பதால் குடும்பத்தில் அவருக்குப் பெயர் 'இன்ஜினியர்'.

இதற்கு மேல் ஆட்கள் இல்லை. கதையிலும் இடம் இல்லை, வீட்டிலும் இடம் இல்லை.

3.

ஒரு நிறுவனத்தில், மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். வீட்டிலிருந்தே தேர்வு எழுத வேண்டும். கேமரா ஓட வேண்டும், அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. பாதியில் மவுஸ் நின்றது. எழுத்து நின்றது. பிறகு பிரவுசரே காணாமல் போனது, என் விடைகளையும் கூட்டிக்கொண்டு.

போன் செய்து, மெஷின் நின்றுபோனதைச் சொன்னேன். "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, மேடம்," என்றாள் அந்த நிறுவனத்துப் பெண்.

எல்லாரும் என்றால் யார்? நல்ல மெஷின் வைத்திருப்பவளுக்கு இதைச் சொல்லவேண்டிய நிலைமையே வராது. இதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். அவளிடம் கெஞ்சினேன். இன்னொரு முறை எழுதலாம், அதோடு சரி என்றாள்.

"அதுக்கு வயசாயிடுச்சுடி," என்றாள் அம்மா. "எனக்கே முட்டி பிடிக்குது."

4.

வயசு இல்லை.

மறுநாள் காலையில் மெஷினைப் போட்டுவிட்டு, வழக்கம்போலப் பல் தேய்க்கப் போகாமல் கறுப்புத் திரையை முறைத்துக்கொண்டு நின்றேன். எழுந்திருக்க தினமும் அவ்வளவு நேரம் இழுக்கிறதே, என்னதான் செய்கிறது பார்ப்போம் என்ற கோபம். ஒரு வரி வந்தது: டிஸ்கில் ஒரு பகுதியைத் தேடுகிறேன். காத்திருந்தது. பிறகு: கிடைக்கவில்லை.

மாதக்கணக்கில் தினமும் தேடியிருக்கிறது. கிடைக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறது. பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு விண்ணப்பித்தவள் அப்போதெல்லாம் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிரியுங்கள், பரவாயில்லை.

தொலைந்துபோனது ஸ்வாப். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ராம் என்பது சமையல் மேடை. மேடை நிறைந்தால், இப்போது கை வைக்காத பாத்திரங்களைக் கீழே இறக்கி வைக்க டிஸ்கில் ஒதுக்கிய இடம்தான் ஸ்வாப். குனிந்து எடுக்க நேரமாகும், ஆனால் பாத்திரம் இருக்கும். கீழே இடமே இல்லாவிட்டால், மேடையில் பெரிதாக எது உட்கார்ந்திருக்கிறதோ அதைத் தூக்கி வெளியே எறியும். அன்றைக்குப் பெரிதாக உட்கார்ந்திருந்தது என் தேர்வு.*

(* அடிக்குறிப்பு: இந்த இடத்தில் 'அம்மாதான் எங்கள் வீட்டின் ஸ்வாப்' என்று ஒரு வரி வந்தது. படிக்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள் என்று தெரியும். அடித்துவிட்டேன். அம்மா யாருடைய பாத்திரத்தையும் வைக்கிற இடம் கிடையாது.)

5.

அடுத்த அத்தியாயத்தில் வில்லன் வரவேண்டும்.

இன்ஜினியர் மாமா மீசையைத் தடவியபடி குரூரமாக

இதை மெஷின் நிறுத்தவில்லை. நானே வெட்கப்பட்டு நிறுத்தினேன். அவருக்கு மீசையே கிடையாது. நடந்தது இதுதான்:

"மாமா, கம்ப்யூட்டர்ல ஏதாவது கை வெச்சீங்களா?"

"வெச்சேனே. எங்க குட்டி நடக்க ஆரம்பிச்ச வீடியோ எல்லாம் அதுலதான் போட்டேன். எட்டு ஜிபி காலியா கெடந்துச்சும்மா. பேருகூட இல்ல. ஃபார்மேட் பண்ணிட்டேன்."

"காலியா இருக்கறதுதான் மாமா அதோட வேலை!"



"இப்படி ஒரு வேலை எனக்குக் கெடைச்சா நல்லாருக்குமே," என்றார்.

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். தோற்றுவிட்டேன். அதோடு வில்லனும் போனார்.

யோசித்துப் பார்த்தால், அவர் எங்கள் வீட்டுச் சட்டத்தைத்தான் பின்பற்றியிருக்கிறார். இரண்டு அறையில் ஒரு மூலை காலியாகத் தெரிந்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. நான் படிப்பதற்கென்று ஒதுக்கிய மூலைக்கு முதலில் மடக்குக் கட்டில் வந்தது, அப்புறம் அக்கா குழந்தையின் தொட்டில். "சும்மாதானே கெடக்கு." ஒரு இடம் சும்மா கிடப்பதற்குக் காரணம் இருக்கலாம் என்று இந்த வீட்டில் யாரும் நம்பியதில்லை. வில்லன் வேண்டுமானால் அந்தச் 'சும்மா' என்ற வார்த்தையை வைத்துக்கொள்ளுங்கள்.

6.

அன்று மாலையே மாமா பென்டிரைவோடு வந்தார். குட்டி விழுந்து எழுந்து நடந்த வீடியோக்களை அதற்கு மாற்றினோம். அந்த இடத்தை மறுபடி ஸ்வாப் ஆக்கி, எழும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று மெஷினுக்குப் புதிதாக எழுதிக்கொடுத்தேன். மறுநாள் காலை அது எதையும் தேடவில்லை. நேராக எழுந்தது.

தேர்வு நாளில் அம்மாவும் மாமாவும் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். நான் கதவைச் சாத்தினேன். கேமரா, பிரவுசர், கேள்விகள். பாதி தாண்டியதும், போன தடவை போலவே, மவுஸ் நின்றது.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே, "சத்தம் போடாதீங்கப்பா!" என்று மாமா யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

திரை மூலையில் நினைவகக் கணக்கைக் காட்டும் சின்னக் கட்டம் இருக்கும். அதில் ஸ்வாப் என்ற இடத்தில் இருந்த பூஜ்யம் அசைந்தது. எண் ஏறியது. எதையோ எடுத்துக் கீழே வைக்கிறது. இன்னும் எதையோ. பிறகு மவுஸ் நகர்ந்தது. விடைகள் இருந்த இடத்திலேயே இருந்தன, ஒரு எழுத்து குறையவில்லை. கேமரா பார்க்கிறது என்பதையும் மறந்து, "அப்பாடா" என்றேன்.

எழுதி முடித்துக் கதவைத் திறந்ததும் அம்மா எழுந்தாள்.

"செத்துச்சா?"

"இல்லம்மா. உசிரோட இருக்கு."

"நீ?"

"நானும்."

7.

இனி முடிவு. வேலை கிடைத்தது என்று எழுதினால், பழைய மெஷினைத் தட்டிக்கொடுத்து ஒரு காட்சி வைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் பரிதாபம் வரும். பரிதாபம் எனக்குப் பிடிக்காது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் அழித்தேன்.

அந்த நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. இதை எழுதும் இந்த நிமிடம் வரை திறக்கவில்லை. ஆச்சரியம், அவசரமும் இல்லை. போன தடவை தோற்றது மெஷின். என்னை யாரும் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. இந்தத் தடவை தோற்றால் தோற்றவள் நான், ஜெயித்தாலும் நான். எங்கள் வீட்டில் இந்த வசதி இதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை.

முதல் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியது மெஷின். கடைசி வாக்கியத்தை நிறுத்துவது நான். அதற்கு அப்புறம் இருப்பது உங்களுக்காக ஒதுக்கிய இடம். சும்மாதானே கிடக்கிறது என்று அதில் வீடியோ மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மின்னஞ்சலைத் திறந்தேன், அதில்