சனிக்கிழமைக்கு நாற்பத்தொரு நட்சத்திரம்

சனிக்கிழமைக்கு மட்டும் ஏன் இத்தனை நட்சத்திரம் என்று ஆரோக்கியசெல்வி இரண்டாம் முறையும் விரல் வைத்து எண்ணினாள். நாற்பத்தொன்று. பிரிண்டர் சூடு ஆறாமல் முனகிக்கொண்டிருந்தது. இரு ஓரமும் துளை போட்ட அந்த நீளத் தாளில் போன மாதத்துக் கிழமைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒரு பழுதுக்கு ஒரு நட்சத்திரக் குறி. திங்களுக்கு இருபது, செவ்வாய்க்குப் பத்தொன்பது, புதனுக்கு இருபத்திரண்டு, வியாழனுக்கு இருபத்தொன்று. வெள்ளிக்கு ஒன்றுகூட இல்லை. அதற்குக் கீழே சனிக்கிழமை தாளின் மறு ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது.

தலத்தெருவைத் தாண்டி வயல்களுக்கு நடுவில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் ஸ்டெபிலைசர் செய்தார்கள். கரண்டு ஏறி இறங்கும்போது ஃப்ரிட்ஜும் டீவியும் கருகிப் போகாமல் காக்கிற பெட்டி. செய்து முடித்த பெட்டிகளைச் சோதனைப் பிரிவில் ஓட்டிப் பார்த்து, சரியில்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் அட்டை எழுதுவார்கள். தேதி, பெட்டி எண், என்ன பழுது, எழுதியவர் கையெழுத்து. சென்ற வருஷம், 1987 பிறந்ததும், மேனேஜர் சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வரவழைத்தார். கூடவே வந்த இன்ஜினியர் நான்கு நாள் தங்கிச் செல்விக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் இருப்பதை அப்படியே உள்ளே ஏற்ற வேண்டும். ஒரு கட்டளை கொடுத்தால் அட்டவணை வரும், இன்னொரு கட்டளை கொடுத்தால் நட்சத்திரப் படம் வரும். மாதாமாதம் போனது அட்டவணை மட்டும்தான்; கிழமைவாரியான படத்தை மேனேஜர் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டிருந்தார். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டியிருந்ததாலும், கதவைச் சாத்தியே வைத்திருந்ததாலும், வெளியே இருந்தவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். கோள்சொல்லிப் பொட்டி.

மேனேஜர் தாளை மேசை முழுக்க விரித்துப் போட்டுப் பார்த்தார். பிறகு சிவப்புப் பென்சிலால் சனிக்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"சனிக்கிழமை டெஸ்டிங்ல யாரும்மா?"

"ரெண்டு பேருதான் சார். சூப்பர்வைசர் நீலமேகம் சார், அப்புறம் லத்தீப் பாய்."

"அட்டையில கையெழுத்து?"

அவள் அட்டவணையைப் புரட்டினாள். சனிக்கிழமை வரிசையில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்தான் இருந்தது. அப்துல் லத்தீப்.

"வெள்ளிக்கிழமை அவன் தொழுகைக்குப் போறான். அன்னிக்குப் பழுதே இல்ல. சனிக்கிழமை வந்து உக்கார்றான். ரெண்டு பங்கு பழுது." மேனேஜர் இழுப்பறையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். "துபாய்க்குப் போறானாம். எட்டு வருஷம் ஒழுங்கா வேலை பார்த்தான்னு நான் எழுதிக் கொடுக்கணுமாம். திங்கக்கிழமை மெட்ராஸ்ல ஏஜென்ட் கையில இருக்கணுமாம். போற போக்குல பெட்டியக் கெடுத்துட்டுப் போறான்னு தெரியுது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அவன் பேருக்குத் தனியா ஒரு டேபிள் போட்டுக் கொண்டா. சான்றிதழுக்குப் பதிலா டிஸ்மிஸ் ஆர்டர் கொடுக்கறேன்."

அவள் நடைபாதைக்கு வந்தபோது லத்தீப் எதிரே நின்றிருந்தான். காத்திருந்தவன் மாதிரியும் இருந்தது, தற்செயலாக வந்தவன் மாதிரியும் இருந்தது.

"தங்கச்சி, என் தாளு மேனேஜர் மேசையில இருக்கா? கையெழுத்து ஆயிருச்சா?"

"நான் பாக்கல பாய்" என்றாள். பார்த்தவள் அப்படிச் சொன்னது அவளுக்கே நெருடியது.

லத்தீப் பாய் அப்படிப்பட்டவனா? இரண்டு வருஷப் பழக்கத்தில் அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. ஆனால் குரல் உயராததே இப்போது ஒரு மாதிரியாகப் பட்டது. போன சனிக்கிழமை பத்தரை மணிக்கு அவன் சைக்கிள் கொட்டகையில் நின்று நீலமேகத்தின் உள்ளங்கையில் எதையோ வைத்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். சாவி. இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் வேறு வேறு வழியாகப் பிரிந்து போனார்கள். அன்று அதை அவள் சாதாரணமாக விட்டுவிட்டாள். இன்று விட முடியவில்லை. ஒருவேளை இரண்டு பேருமே கூட்டாக இருந்தால்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. லத்தீப் எந்தெந்தப் பெட்டியைக் கெடுத்தான் என்று எண்ணோடு காட்டிவிட்டால் தன் மேல் ஒரு பழியும் வராது என்று நினைத்து, செல்வி பேக்கிங் பிரிவுக்குப் போனாள். அங்கே இருதயமேரியிடம் ஒரு நோட்டு இருந்தது. பெட்டியை மூடித் தகட்டில் எண் அடித்ததும், எந்த எண் எந்தத் தேதியில் முடிந்தது என்று அதில் எழுதி வைப்பார்கள்.

"வாடி. யாரு தலைய வாங்க வந்திருக்கே இன்னிக்கி?" என்றாள் இருதயமேரி, அட்டைப் பெட்டியில் வைக்கோல் திணித்தபடியே.

"சும்மா இருங்கக்கா. நோட்டக் கொடுங்க."

"அந்தப் பொட்டிக்கு எங்க நோட்டு எதுக்கு? அதுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அதுக்கு ஏத்துனது மட்டுந்தான் தெரியும்."

"நல்லாத்தான் ஏத்துறே போ" என்று நோட்டைத் தள்ளிவிட்டாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். செல்வி ஒரு மூலையில் உட்கார்ந்து, நாற்பத்தொரு எண்ணையும் ஒவ்வொன்றாக நோட்டில் தேடினாள்.

இருபத்தொன்று சனிக்கிழமை முடிந்த பெட்டிகள். மீதி இருபதும் வெள்ளிக்கிழமை முடிந்தவை.

அவளுக்கு முதலில் புரியவில்லை. வெள்ளிக்கிழமைப் பெட்டிகளை வெள்ளிக்கிழமையே சோதித்துவிடுவார்கள். அன்றைக்குப் பழுதே இல்லை என்றுதானே படம் சொன்னது. அப்படியானால் நல்லதென்று தேறிய பெட்டி ஓர் இரவில் எப்படிக் கெட்டது? இல்லையென்றால், கெட்டுப்போன பெட்டியை யாரோ ஒளித்து வைத்திருந்து மறுநாள் லத்தீப் பெயரில் தள்ளியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் சோதனைப் பிரிவில் நீலமேகம் மட்டுமே இருப்பார். சந்தேகம் இப்போது தலைகீழாகத் திரும்பி நின்றது.

சாயங்காலம் நான்கரைக்கு மணிச்சத்தம் கேட்டது. வெள்ளிதோறும் நடக்கிற பூஜை. அவள் வழக்கமாகப் போவதில்லை. இன்று போனாள். நீலமேகம் கற்பூரத் தட்டோடு சோதனை மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொரு மீட்டருக்கும் குங்குமம் வைத்தார். அம்பகரத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. தொழுகை முடிந்து எப்போதோ திரும்பியிருந்த லத்தீப் வாசல் ஓரமாகக் கைகட்டி நின்றான். செல்வியின் கண் சுவரோரம் போயிற்று. அங்கே ஐந்து பெட்டிகள் முகத்தைச் சுவருக்குத் திருப்பியபடி வரிசையாக இருந்தன, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி.

"அது என்னங்க அங்க?" என்று கேட்டாள்.

நீலமேகம் தட்டை நீட்டினார். "ஒத்திக்க பாப்பா" என்றார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் நேராகச் சோதனைப் பிரிவுக்கே போய்விட்டாள். லத்தீப் மட்டும் இருந்தான். சுவரைப் பார்த்திருந்த பெட்டிகளைத் திருப்பி மேசையில் வைத்து மஞ்சள் அட்டை எழுதிக்கொண்டிருந்தான். எட்டாம் வகுப்புப் பையன் மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதினான். இன்றைய தேதி.

"இது நேத்து பெட்டி" என்றாள் செல்வி.

அவன் நிமிரவில்லை. "ஆமா."

"அப்ப நேத்து தேதி போட வேண்டியதுதானே?"

"எழுதுற நாளுதானே தேதி. பொய்யா எழுதச் சொல்றியா?"

"நேத்தே ஏன் எழுதல? நீலமேகம் சார் எங்க?"

லத்தீப் பேனாவை மூடினான். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை பழுதுன்னு எழுத மாட்டாரு. மகாலட்சுமி நாளாம். வாயாலகூடச் சொல்ல மாட்டாரு, பெட்டியத் திருப்பி வச்சிருவாரு. சனிக்கிழமை திருநள்ளாத்துல எறங்கி எள்ளு வெளக்கு ஏத்திட்டு வருவாரு. அவருக்கு ஏழரை நடக்குது. பத்தரை ஆயிரும். அதுவரைக்கும் சாவி என்கிட்ட."

"இது மேனேஜருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அந்த மனுசன் இங்க இருப்பாரா? நோட்டீஸ் ஒட்டியிருக்கே, சொல்லாம வெளிய இருந்தா வேலை போகும்னு. நானும் சொல்லாமத்தான் போறேன் தங்கச்சி, வெள்ளிக்கிழமை. பன்னெண்டே காலுக்குக் கெளம்பி ரெண்டரைக்கு வர்றேன். அரை மணி நேரந்தான் அனுமதி. எட்டு வருசமா என் ஜும்மாவக் காப்பாத்துறது அவருதான்."

செல்வி கையிலிருந்த சிவப்பு வட்டம் போட்ட தாளை விரித்துக் காட்டினாள். மேனேஜர் சொன்னதையும் சொன்னாள். லத்தீப் நட்சத்திரங்களை வெகுநேரம் பார்த்தான். படிக்கத் தெரியாத பாஷையில் தன் பெயர் மட்டும் தெரிந்தது போல இருந்தது அவன் முகம்.

"இதெல்லாம் நானா?"

"அப்படித்தான் வருது."

"அவரு பேர இழுக்காத" என்றான் கடைசியில். "என் பிழைப்பு அல்லா விட்ட வழி. ஊருக்குப் போய் எங்க உம்மாகிட்ட வேற எதாவது சொல்லிக்கிறேன்."

பத்தரைக்கு நீலமேகம் நெற்றியில் திருநீறோடு வந்தார். செல்வி அதே இடத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவர் நடை தளர்ந்தது. அவள் ஒன்றும் மறைக்கவில்லை. நாற்பத்தொன்றில் இருபது வெள்ளிக்கிழமைப் பெட்டிகள் என்பதைச் சொன்னாள், லத்தீப்பின் சான்றிதழ் என்ன ஆகப் போகிறது என்பதையும் சொன்னாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பாப்பா, நீ போடப் போற தாள்ல என் பேரு வருமா?"

"பெட்டி நம்பரும் செஞ்ச தேதியும் மட்டும் வருங்க."

"அப்ப சரி" என்றார். பிறகு லத்தீப்பைப் பார்க்காமல், "அப்ப சரிதானே?" என்று மறுபடி கேட்டார். நானே போய்ச் சொல்கிறேன் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்து அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். லத்தீப் சாவியை எடுத்து அவர் பக்கத்தில் மேசைமேல் வைத்தான்.

மதியத்துக்கு முன் அவள் ஒவ்வோர் அட்டைக்கும் பெட்டி செய்த தேதியைப் புதிதாக ஏற்றி, அந்தத் தேதிப்படி படம் போட்டாள். பிரிண்டர் இழுத்து இழுத்து அடித்தது. வெள்ளிக்கு இருபது, சனிக்கு இருபத்தொன்று. ஆறு கிழமையும் வெட்டி வைத்த வேலி மாதிரி ஒரே உயரத்தில் நின்றன.

மேனேஜர் புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது எப்படிம்மா மாறிச்சு?"

"வெள்ளிக்கிழமை பெட்டிக்கான அட்டையெல்லாம் சனிக்கிழமைதான் எழுதியிருக்கு சார். பெட்டி நம்பர வச்சுப் பார்த்தா தெரியுது. பதினாலு மாசமா வெள்ளிக்கிழமை ஒரு அட்டைகூட என் மேசைக்கு வரல. நான் ஏன்னு கேக்கல. காலியா இருந்தா நல்லதுன்னு நெனச்சிட்டேன்."

அது உண்மைதான். மாதம் தவறாமல் அந்த வெற்று வரியை அச்சடித்துவிட்டு, ஒருநாளும் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

"யாரு எழுதாம விட்டது?"

"அது அட்டையில இல்ல சார்."

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். தாளின் மேல் பார்வை ஓடியது போலவே, கிழமை கிழமையாக, அவள் முகத்தின் மேலும் ஓடியது.

"ஆறு நாளும் சமமா இருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்?"

"யாரும் கெடுக்கலன்னு அர்த்தம் சார்."

"எல்லாரும்னு அர்த்தம்" என்றார் மேனேஜர். "ஒருத்தன் தப்பு பண்ணா ஒரு நாள் தூக்கும். எல்லாரும் கூட்டு சேந்தாத்தான் இப்படிச் சமமா நிக்கும்."

ஆனாலும் லத்தீப்பின் விண்ணப்பத்தை அவர் அருகில் இழுத்தார். அவன் பெயருக்கென்று காட்ட இப்போது அவரிடம் எதுவும் இல்லை. எட்டு வருஷம், நல்ல நடத்தை. கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"இவன் போறான். மீதிப் பேர் இங்கதானே இருக்கீங்க. திங்கக்கிழமையிலேர்ந்து நாலு கட்டம் கூடுதலாப் போடு. பெட்டி செஞ்ச தேதி, அட்டை எழுதின நேரம், அப்ப அறையில இருந்தவங்க பேரு."

"மூணுதான் சார் சொன்னீங்க."

"நாலாவது, கம்ப்யூட்டர்ல ஏத்தினவங்க பேரு."

சோதனைப் பிரிவின் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு முகங்கள் அவளுக்காகக் காத்திருந்தன. லத்தீப் தாளை வாங்கி, கையெழுத்தைப் பார்த்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். நீலமேகத்தின் பக்கம் கண்ணைக் காட்டினான். "அண்ணன் பேரு?" என்றான். வரவில்லை என்று அவள் தலையசைத்தாள். நீலமேகம் மீட்டரைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். அந்த நான்கு கட்டங்களைப் பற்றி அவள் வாய் திறக்குமுன், "அடுத்த வெள்ளிக்கிழமை அட்டைய யாரு எழுதுறது?" என்று அவரே மீட்டரிடம் கேட்பது போல் கேட்டார். லத்தீப் இல்லாத வெள்ளிக்கிழமையை மூவரும் ஒரே நேரத்தில் நினைத்துப் பார்த்தார்கள்.

"நீங்கதான் சார் எழுதணும்" என்றாள் செல்வி. "சனிக்கிழமை எட்டு மணிக்கும் இருக்கணும்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. அவள் அறைக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். திரையில் புதுக் கட்டங்களுக்கு விவரம் கேட்டுப் பச்சைக் குறி துடித்துக்கொண்டிருந்தது. முதல் மூன்றையும் காலியாக விட்டுவிட்டு, நான்காவதில் தன் பெயரை முழுசாக ஏற்றினாள்.