ஒரு கெட்டில் தண்ணீர்

பெரிய லாரி ஒன்று கடந்து போன காற்றில், பின்னால் இழுத்து வந்த கேரவன் நாய் வாலைப் போல ஆடத் தொடங்கியது. கண்ணாடியில் ஒருமுறை இடப்பக்கம் எட்டிப் பார்த்தது, மறுமுறை வலப்பக்கம். பிக்கப்பும் கூடவே நெளிந்தது.

"பிரேக்கப் புடி லூ! பிரேக்கு!" என்று பக்கத்து இருக்கையிலிருந்து கத்தினார் ஹார்லன்.

லூயெல்லா பிடிக்கவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு, கேரவனுக்கு மட்டுமான பிரேக்கின் சிறு நெம்புகோலை விரலால் மெல்லத் தள்ளினாள். பின்வண்டி இழுபட்டு ஆட்டம் அடங்கியது. வயோமிங் புல்வெளியின் நடுவில் இருந்த ஓய்விடத்தில் நிறுத்தியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"போதும், வீட்டுக்குத் திருப்பு. என் கண்ணு ஆறட்டும். அடுத்த வருஷம் நானே ஓட்டுறேன்."

"கடலப் பாக்கணும்னா அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு கல்யாணம் ஆனதுலேருந்து கேக்குறேன்."

கான்சாஸ் கோதுமைக்காரிக்குக் கடல் என்பது காலண்டர் படம். ஒரு வருஷம் அறுவடை, ஒரு வருஷம் கன்று போட்ட மாடு. இந்த வருஷம் அவருடைய கண் அறுவைசிகிச்சை, அதனாலேயே சாவி இவள் கைக்கு வந்தது. இப்போது திரும்பினால் கடல் காலண்டரிலேயே இருந்துவிடும்.

இறங்கி வண்டியைச் சுற்றி வந்தாள். டயரில் குறையில்லை. ஆனால் கேரவனின் மூக்கு வானத்தைப் பார்த்தது, கொக்கியில் பாரமே உட்காரவில்லை. வைக்கோல் கட்டுகளைக் கடைசியில் குவித்த வண்டியும் இப்படித்தான் வாலாட்டும், எத்தனை இழுத்திருக்கிறாள்!

"பின்னாடி கட்டிலுக்கு அடியில தொட்டியில என்ன இருக்கு?"

கட்டுப் போடாத ஒற்றைக் கண்ணால் ஹார்லன் புல்லைப் பார்த்தார். "நம்ம கிணத்துத் தண்ணி."

"எவ்வளவு?"

"கழுத்து வரைக்கும். வேற தண்ணியில காபி போட்டா சோப்புத் தண்ணி மாதிரி இருக்கும், லூ."

"கொல்லன் தெருவுல ஊசி விக்கிறதக் கேள்விப்பட்டிருக்கேன். நீ கடலோரமா ஓயாம மழை கொட்டுற ஆரிகனுக்குத் தண்ணி சுமக்கிறியே மனுஷா!"

சிரிப்பை அடக்க முடியாமல் அவள் தொட்டியின் வடிகுழாயைத் திறந்தாள். தண்ணீர் பாய்ந்து வறண்ட மண்ணில் ஓடியது. பக்கத்து வண்டிக்காரர்களின் இரண்டு நாய்கள் பறந்து வந்து சேற்றில் புரண்டன. சாவு வீட்டில் நிற்பவர் போலத் தொப்பியைக் கழற்றியிருந்த ஹார்லன் மீது ஒரு நாய் உடம்பை உதறியது. அவரும் சிரித்துவிட்டார். உடனே, "இரு, இரு!" என்று உள்ளே ஓடி, கெட்டிலை எடுத்து வந்து கடைசித் தாரையில் ஏந்தினார்.

டப்பா உணவுப் பெட்டிகளையும் கருவிப் பெட்டியையும் சக்கரத்துக்கு முன்பக்கம் நகர்த்தினார்கள். மூக்கு தாழ்ந்தது.

"மறுபடி ஆடுனா திருப்பிடணும்."

"ஆடட்டும், பாப்போம்."

ஏற்றத்தின் உச்சியில் மறுபடி ஒரு லாரி உறுமிக்கொண்டு நெருங்கியது. ஹார்லன் மடியில் இருந்த கெட்டிலின் மூடியைத் திறந்து உற்றுப் பார்த்தார். லாரி கடந்தது. தண்ணீரில் மெல்லிதாக ஒரு வளையம் விரிந்து விளிம்பைத் தொட்டு மறைந்தது. பிறகு அதில் ஒரு வட்ட வானம் மட்டும், அசையாமல், மேற்கே போய்க்கொண்டிருந்தது.